பழமைக்கு மதுரை, பொழுதுபோக்கத் தேனியா?

“பழமை பார்க்கணும்னா மதுரைக்குப் போங்க, தேனிக்கு வந்தால் சுருளி அருவி, மேகமலை, திராட்சைத் தோட்டம் போதும்” என்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வரலாறே இல்லை என்பதுபோல் இருக்கிறது இந்தப் பேச்சு. இதை ஏற்க முடியாது.

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. அந்தக் கூடலூர் கம்பத்தை அடுத்த நம் கூடலூர்தான் என்று கருதுவோரும் உண்டு. மன்னன் பெயரில்லை, புகழுரை இல்லை. மாடு பிடிக்கப் போய் மாண்ட ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது! இதைவிட எந்தக் கோபுரம் உயரம்?

உத்தமபாளையம் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. குமுளிக்குப் போகிறவர்கள் வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்லும் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர் சின்னமனூர். மதுரையின் பெருமைக்குச் சான்று தேடினாலும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வரவேண்டும்.

அருவியில் குளிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? குளியுங்கள். ஆனால் சுற்றுலாப் பலகைகளில் அருவிக்கும் அணைக்கும் கிடைக்கும் இடம் புலிமான்கோம்பைக்கும் கிடைக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே உத்தமபாளையம் பாறையைக் கிறுக்குகிறவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.