வெள்ளையடித்தால் மறையுமா?

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் சுவரில் புதிய ஓவியம் ஒன்று தோன்றியது. ஒரு பக்கச் சுவரில் விலையுயர்ந்த கைப்பையுடன் ஒரு பெண் நடந்து வருகிறாள். சுவரின் முனை திரும்பும் இடத்தில், கையில் கத்தியுடன் ஒரு திருடன் பதுங்கி நிற்கிறான். இருவருமே லெகோ பொம்மைகள். இதனை வரைந்தவர் லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச். அதற்கு முந்திய ஆண்டு, பினாங்கு ஜோர்ஜ்டவுனில் மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளை வரைந்து புகழ்பெற்றவர் அவர்.

ஜொகூர் பாரு ஓவியம் நெடுநாள் நிலைக்கவில்லை. நகரின் நற்பெயரைக் கருத்தில்கொண்டு மாநகர் மன்றம் அதனை அழித்தது. ஆயினும், அதன் படம் செய்தித்தாள்களிலும் சமூக ஊடகங்களிலும் பரவியது. அந்தச் சாலைக்கே போகாதவர்களும் அதைப் பார்த்தனர். வழிப்பறிக் குற்றங்களைப் பற்றிப் பேசினர். சுவரில் இருந்தபோது பார்த்தவர்களைவிட, அழிந்த பின்னர்ப் பார்த்தவர்களே அதிகம் எனலாம்.

இந்த ஓவியம் மனத்தைத் தைத்ததற்குக் காரணம் அந்தப் பொம்மைகளே. 2012ஆம் ஆண்டு ஜொகூரில் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. மாநிலத்திற்கே மகிழ்ச்சியின் அடையாளமாக விளங்கிய அதே பொம்மையைக் கொண்டு, மக்கள் மனத்தில் இருந்த அச்சத்தை ஓவியர் காட்டினார்.

மாநகர் மன்றத்தின் கவலையிலும் நியாயம் உண்டு. சுற்றுப்பயணிகள் வரும் நகரில் முதலில் கண்ணில் படுவது திருடனின் படமாக இருப்பதை யார்தான் விரும்புவர்? பொதுச் சுவரில் எவரும் எதையும் வரையலாம் என்பதும் சரியன்று. எனினும், நகரின் பெயரைக் கெடுப்பது திருட்டா, திருட்டைக் காட்டும் படமா? முகத்தில் கரி இருந்தால் முகத்தைத்தான் கழுவ வேண்டும். கண்ணாடியை உடைப்பதால் பயனில்லை. தவற்றைச் சுட்டிக்காட்டுவோர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் எனத் திருவள்ளுவரும் எச்சரித்துள்ளார்.

இந்தப் பாடம் பள்ளிகளுக்கும் பொருந்தும். பள்ளிச் சுவர்களில் செம்பருத்தியும் தேசியக் கொடியும் தலைவர்களின் உருவங்களும் அழகு சேர்க்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால், முதுகை அழுத்தும் புத்தகப்பை, ஓய்வு நேரத்தில் தனியே அமர்ந்திருக்கும் மாணவன், பகடிவதைக்கு அஞ்சிக் கழிப்பறைக்குப் போகாத சிறுவன் ஆகியோரை எந்தச் சுவரில் காண முடிகிறது? வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மாணவர், தூரிகை கிடைத்தால் சொல்லிவிடுவர்.

எனவே, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சுவரையாவது மாணவரின் கருத்துக்கென ஒதுக்கலாம். எவரையும் பெயர் குறித்து இழிவுபடுத்தக் கூடாது, இனத்தையோ சமயத்தையோ புண்படுத்தக் கூடாது என்பன போன்ற விதிகள் இருக்கட்டும். பெரியவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்: பிடிக்காத படத்தை அழிப்பதற்கு முன், அதை வரைந்த மாணவரை அழைத்து, ஏன் வரைந்தாய் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், பள்ளி உடனே சரிசெய்ய வேண்டிய ஒன்றாகவும் இருக்கலாம்.