அப்டேட் ஆச்சு... ஆப்பும் ஆச்சு!

இன்டர்னல் எல்லாம் முடிஞ்சுதா? அரியர் கணக்கு எவ்வளவு? சரி சரி... முறைக்காதீங்க! இந்த வாரம் உங்ககிட்ட ஒரு சோகக் கதை சொல்லப் போறேன். கர்ச்சீஃப் ரெடியா வெச்சுக்கங்க.

போன செமஸ்டர். மினி ப்ராஜெக்ட்டோட முதல் ரிவ்யூ, காலைல 9 மணிக்கு. தலைப்பு, மண்ணோட ஈரத்தைப் பார்த்து தானா மோட்டார் போடற கருவி. (எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் அதைத்தான் பண்றாங்க. கண்டுக்காதீங்க!) ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அறுபது பக்கங்களுக்கு மேல படிச்சிருந்தேன். படிச்சதுல முக்கியமானதை எல்லாம் கலர் அடிச்சு வெச்சுக்க என் பிரவுசர்ல ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் இருந்தது. தியரிக்கு மஞ்சள், சர்க்யூட்டுக்கு பிங்க், ‘கைடு இதைக் கேட்டு மாட்டிவிடுவார்’னு தோணறதுக்கு பச்சை. நோட்டுப் புத்தகமே கிடையாது. என் மொத்த மூளையும் அந்த எக்ஸ்டென்ஷனுக்குள்ளதான்!

ராத்திரி 11.40. லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணிட்டு பிரவுசரைத் திறந்தா, ‘நான் அப்டேட் ஆயிட்டேன்’னு பளபளன்னு வந்து நிக்குது. பட்டன் எல்லாம் ரவுண்டு ரவுண்டா அழகா மாறியிருக்கு. ஆனா என் மஞ்சள் எங்கே? என் பிங்க் எங்கே? மேல மூலைல இருந்த ஐகான் சாம்பல் கலர்ல செத்துக் கிடக்கு. ‘இந்த எக்ஸ்டென்ஷன் புதிய பதிப்போடு ஒத்துப்போகாது’ன்னு ஒரு வரி. பக்கத்துல ‘ரிமூவ்’னு ஒரு பட்டன். அவ்வளவுதான் அஞ்சலி!

(எந்த பிரவுசர்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஏன்னா இந்த விஷயத்துல எல்லாரும் ஒரே குட்டைல ஊறின மட்டைங்கதான்!)

‘‘ரிமூவ் பண்ணிட்டு திரும்ப போட்டுப் பாருடி’’ன்னா என் ரூம்மேட். விரல் பட்டன் மேல போயிருச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கோபத்தை எங்கேயாவது இறக்கணுமே! அந்த எக்ஸ்டென்ஷனோட பக்கத்துக்குப் போனேன். அஞ்சு ஸ்டார்ல ஒரே ஒரு ஸ்டார் போட்டேன். அங்கே இருந்த மெயில் ஐடிக்கு, ‘உங்களால ஒழுங்கா பார்த்துக்க முடியலைன்னா எதுக்கு சார் இதையெல்லாம் எழுதறீங்க?’ன்னு காரமா ஒரு மெயிலும் தட்டினேன்.

ராத்திரி 2 மணிக்கு பதில் வந்தது. அதை அப்புறம் சொல்றேன். முதல்ல, ஏன் இப்படி நடக்குதுன்னு பார்ப்போம்.

இந்தச் சோகம் எனக்கு மட்டும் புதுசா வந்ததில்லைன்னு புரிய வெச்சது திருப்பூர்ல இருக்கற என் சித்தப்பாதான். ஃபோன்ல அழுதேன். அவர் சிரிச்சார்! ‘‘ஏங்கண்ணு, இதுக்கே இப்படியா? நாங்க பார்க்காத அப்டேட்டா!’’

சித்தப்பா காலேஜ் படிச்ச நேரம் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்து வளர்ந்த நேரம். அதோட முதல் முழுப் பதிப்பு வெளியானது 2004 நவம்பர்ல. அப்போ அதோட பெரிய கவர்ச்சியே எக்ஸ்டென்ஷன்தானாம். தமிழ்ல டைப் அடிக்க ‘தமிழ்விசை’. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குன்னு ஒரு ஃபான்ட் வெச்சிருந்த காலம் அது. அந்த ஃபான்ட் இல்லைன்னா பக்கம் முழுக்க கட்டமும் கிறுக்கலும்தான் தெரியும். அதை யூனிகோடா மாத்தி படிக்க வைக்க ‘பத்மா’. கொத்துக் கொத்தா டவுன்லோட் பண்ண ‘டவுன்தெம்ஆல்’.

‘‘அப்புறம் என்ன ஆச்சு சித்தப்பா?’’

‘‘2011 ஆச்சு!’’

அந்த வருஷம் மார்ச்ல ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்தது. ஜூன்லயே 5 வந்துருச்சு. இனிமே ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் ‘நான் இந்தப் பதிப்பு வரைக்கும்தான் ஓடுவேன்’னு ஒரு நம்பரை எழுதி வெச்சிருக்கும். பிரவுசர் அந்த நம்பரைத் தாண்டினதும் உள்ளே எதுவுமே கெட்டுப்போகாட்டியும் எக்ஸ்டென்ஷன் படுத்துக்கும்! நல்லா இருக்கறவனை ஐடி கார்டு தேதி முடிஞ்சிருச்சுன்னு எக்ஸாம் ஹால் வாசல்ல நிறுத்தற மாதிரி. 2012 ஜனவரில வந்த ஃபயர்ஃபாக்ஸ் 10-லதான் ‘பெரும்பாலானவை ஓடும்னே எடுத்துக்குவோம்’னு வழக்கத்தை மாத்தினாங்க.

அது வெறும் ட்ரெய்லர். மெயின் பிக்சர் 2017 நவம்பர் 14. ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தது. பழைய முறைல எழுதின எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒரே நாள்ல அவுட்!

அப்படி என்ன கோபம்? நம்ம ஹாஸ்டல் ரூமையே எடுத்துக்கங்க. பழைய முறைல எக்ஸ்டென்ஷனுக்கு ரூம் மட்டுமில்லை, மொத்த பில்டிங்கோட சாவியும் கைல. எந்தச் சுவர்ல வேணும்னாலும் ஆணி அடிக்கலாம், ஒயரிங்கை மாத்தலாம், தண்ணி பைப்புல கனெக்‌ஷன் எடுக்கலாம். அதனாலதான் அதுங்க அவ்வளவு வித்தை காட்டுச்சு. ஆனா பில்டிங் ஓனர் ஒரு சுவரை இடிச்சுக் கட்டணும்னா? அதுல ஆயிரம் பேரோட ஆணி! கை வெச்சா யாரோட ஃபேனோ கழண்டு விழும். கை வைக்காம விட்டா பில்டிங் பழசாகி, மெதுவாகி, திருடன் ஈஸியா உள்ளே வருவான். கடைசில ஓனர் சொல்லிட்டார்... ‘இனிமே ஆணி கிடையாது. நானே கொக்கி மாட்டித் தர்றேன். அதுல மட்டும் தொங்கவிடு!’ அந்தக் கொக்கிகளுக்குப் பேர்தான் வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்.

நியாயம்தான். ஆனா கொக்கியே இல்லாத இடத்துல தொங்கினவங்க கதி? டவுன்தெம்ஆல் ஒதுங்கி நின்னு, திரும்ப முதல்ல இருந்து எழுதப்பட்டு 2019-லதான் வந்தது. நிறைய எக்ஸ்டென்ஷன்கள் வரவே இல்லை.

ஒண்ணே ஒண்ணு சாகும்போதும் சாகாம இருந்தது, ஃபயர்பக். வெப் பக்கத்தோட உள்ளே என்ன நடக்குதுன்னு பிரிச்சுக் காட்ட 2006-ல வந்த எக்ஸ்டென்ஷன். 2017-ல அதோட கதை முடிஞ்சது. ஆனா இன்னிக்கு லேப்ல F12 தட்டினதும் கீழே விரியுதே ஒரு பேனல், அந்த மாதிரி கருவியை வெப் எழுதறவங்களுக்குப் பழக்கிவிட்ட புண்ணியவான் அவர்தான்!

சரி, குரோம் மட்டும் என்ன உத்தமமா? அங்கே ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் மேனிஃபெஸ்ட்னு ஒரு ஜாதகம் உண்டு. பேர் என்ன, பதிப்பு என்ன, எதையெல்லாம் தொட அனுமதி வேணும்னு அதுல எழுதியிருக்கும். அதோட ரெண்டாவது வடிவத்தை நிறுத்திட்டு மூணாவதுக்கு எல்லாரும் வரணும்னுட்டாங்க. 2024-ல தொடங்கி 2025-ல முழுசா அமலாச்சு. அதுல மாட்டின பெரிய தலை, விளம்பரங்களைத் தடுக்கற யூபிளாக் ஆரிஜின். அதை எழுதினவர் ரேமண்ட் ஹில். கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தியும் நன்கொடைகூட வாங்காத மனுஷர்!

முன்னெல்லாம் இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன் கேட் வாட்ச்மேன் மாதிரி. வர்ற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, பார்த்து, ‘நீ போ, நீ வராதே’ன்னு தானே முடிவு பண்ணும். புது விதிப்படி, யாரை விடக் கூடாதுன்னு முன்கூட்டியே லிஸ்ட் எழுதி பிரவுசர்கிட்ட கொடுத்துடணும். நிறுத்தறது பிரவுசரோட வேலை. ‘பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும்’ங்கிறது கூகுள் தரப்பு. ‘விளம்பரத்துல சம்பாதிக்கற கம்பெனி, விளம்பரத்தைத் தடுக்கற வாட்ச்மேன் கையைக் கட்டுதே’ங்கிறது எதிர்த்தரப்பு. இப்போ குரோம்ல ‘லைட்’னு கொஞ்சம் எடை குறைஞ்ச யூபிளாக் ஓடுது. ஃபயர்ஃபாக்ஸ் பழைய வாட்ச்மேனையும் வேலைல வெச்சிருக்கு.

ஆனா ஒண்ணு... பாதுகாப்புன்னு சொல்றது மொத்தமும் டுபாக்கூர் இல்லை. சும்மா கிடக்கற டேப்களைத் தூங்க வைக்க ‘தி கிரேட் சஸ்பென்டர்’னு ஒரு எக்ஸ்டென்ஷன் குரோம்ல ஏகப்பட்ட பேர்கிட்ட இருந்தது. 2020-ல அது கை மாறுச்சு. புது ஓனர் யாருன்னே நிறைய பேருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரில, அதுல கெட்ட சமாச்சாரம் இருக்குன்னு கூகுளே தூக்கிருச்சு. நாம நம்பிச் சாவி கொடுத்த ஆள், சாவியை யாருக்கோ கொடுத்துட்டுப் போயிட்டார்!

அதே சமயம் காவலுக்கு நிக்கறவங்களும் சொதப்புவாங்க. போலி எக்ஸ்டென்ஷன் வராம இருக்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து வேணும்னு ஃபயர்ஃபாக்ஸ் வெச்சிருக்கு. 2019 மே 4, சனிக்கிழமை. அந்தக் கையெழுத்துக்குப் பின்னாடி இருந்த சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்க மறந்துட்டாங்க. தேதி முடிஞ்சதும் உலகம் முழுக்க எக்ஸ்டென்ஷன்கள் பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. மறுநாளே 66.0.4-னு ஒரு அவசர அப்டேட் விட்டாங்க. நாம அரியர் ஃபீஸ் கட்ட மறந்தா மட்டும் திட்டறாங்க!

இப்போ அந்த ராத்திரி 2 மணி மெயில்.

‘முதல்ல ரிமூவ் பட்டனைத் தொடாதீங்க’ன்னு ஆரம்பிச்சது. தொட்டிருந்தா என் கலர் குறிப்பு மொத்தமும் அதோட சேர்ந்து அழிஞ்சிருக்குமாம். சும்மா முடக்கி வெச்சிருக்கற வரைக்கும் எல்லாம் பிரவுசரோட ஃபோல்டர்ல பத்திரமா கிடக்குமாம். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கு, எப்படி காப்பி எடுக்கணும், பொறுமையா எழுதியிருந்தார். கூடவே நாற்பது வரில ஒரு பைதான் புரோகிராம். முன்பின் தெரியாதவர் அனுப்பினதை அப்படியே ஓட்டலாமா? வரி வரியாப் படிச்சேன். (மூணு வருஷத்துல இவ்வளவு கவனமா நான் கோடு படிச்சது அன்னிக்குத்தான்!) ஓட்டினேன். கலர் போச்சு, வரிசை போச்சு... ஆனா என் அறுபது பக்கத்துக் குறிப்பும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வந்து உட்கார்ந்தது.

மெயிலோட கடைசி வரிகள்தான் என்னைத் தூங்க விடலை. ‘இதை நான் மூணாவது வருஷம் படிக்கும்போது எனக்காக எழுதினேன். இப்போ வேலைக்குப் போறேன். புது விதிக்கு மாத்தி எழுத ஒரு மாசம் லீவு வேணும், கிடைக்கலை. ஸாரி.’

என்னை மாதிரியே மூணாவது வருஷம்! நான் பாட்டுக்கு ஒரு பெரிய கம்பெனி, ஏ.சி. ரூம், அம்பது பேர்னு நினைச்சு திட்டியிருக்கேன். அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு ஆள். அஞ்சு பைசா வாங்காத ஆள்.

மக்களே, எக்ஸ்டென்ஷன்ங்கிறது யாரோ ஒருத்தரோட ஞாயித்துக்கிழமை. அது வேற ஒருத்தரோட தரை மேல நிக்குது. தரையை மாத்தறவங்க பெரிய ஆளுங்க. அவங்க மாத்தட்டும், தப்பில்லை. ஆனா ‘உன் குறிப்பெல்லாம் இதுக்குள்ள இருக்கு, எடுத்து வெச்சுக்கறியா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாமில்ல? என் கோபம் இன்னும் அங்கேதான் இருக்கு. அந்த ஆள் மேல இல்லை.

ரிவ்யூல என்ன ஆச்சுன்னுதானே கேக்கறீங்க? கைடு கேட்டது ரெண்டு கேள்வி. ரெண்டுமே பச்சை! அந்த ஒரு ஸ்டாரை அன்னிக்கு சாயங்காலமே அஞ்சாக்கினேன். ‘கோடைத் தந்தா நாங்க மாத்திப் பார்க்கறோம்’னு ஒரு மெயில் போட்டேன். மொத்தத்தையும் அனுப்பிட்டார். நானும் ரூம்மேட்டும் மல்லுக்கட்டிட்டு இருக்கோம். மஞ்சள் வந்துருச்சு, பிங்க் இன்னும் வரலை!

போறதுக்கு முன்னாடி, பட்டவள் சொல்ற டிப்ஸ்:

* ஒரு எக்ஸ்டென்ஷனை நம்பறதுக்கு முன்னாடி அதுல ‘எக்ஸ்போர்ட்’ இருக்கான்னு பாருங்க. மாசம் ஒரு தடவை குறிப்பு, புக்மார்க் எல்லாத்தையும் வெளியே எடுத்து வைங்க.

* படுத்துடுச்சா? ரிமூவ் பண்ணாதீங்க. முதல்ல காப்பி!

* வெறுத்துப்போய் அப்டேட்டையே நிறுத்தி வைக்காதீங்க. ஒவ்வொரு அப்டேட்டும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைக்குது. ஃபீஸ் கட்டறதும் அதே பிரவுசர்லதானே! வேணும்னா ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி மட்டும் ரீஸ்டார்ட் பண்ணாம இருங்க.

* எக்ஸ்டென்ஷன் திடீர்னு புது அனுமதி கேட்டா, ஓனர் மாறியிருக்காரான்னு பாருங்க.

* ஒரு ஸ்டார் போடறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்க. எந்தப் பதிப்பு, என்ன நடந்ததுன்னு எழுதுங்க. கடைசில ஒரு தேங்க்ஸ். அந்தப் பக்கம் உங்க வயசுல ஒருத்தர் தூங்காம உட்கார்ந்திருக்கலாம்.

பிங்க் வந்ததும் சொல்றேன். வர்ட்டா!