மலை இறக்கத்தில் எரியாத விளக்கு

மசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும் சாலை சுமார் 35 கிலோமீட்டர். அதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். வாடகைக் கேரவனில் குடும்பத்தோடு திரும்பும் ஒருவர், பாதி வழியில் தீய்ந்த வாடையை உணர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டைப் பார்க்கிறார். சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. வாடை முன்னால் போகும் லாரியுடையது என்று சமாதானம் செய்துகொண்டு அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குப் போகிறார்.

ஆபத்து தொடங்குவது இந்தச் சமாதானத்தில்தான். பிரேக் விளக்கு எதற்கு எரியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அது இரண்டு விஷயங்களைத்தான் சொல்லும்: ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. பிரேக் சூடாகிவிட்டது என்று சொல்ல அநேக வண்டிகளில் விளக்கே கிடையாது. அந்த வேலையை மூக்கும் காலும்தான் செய்தாக வேண்டும்.

நம் நாட்டில் கேரவன் என்றால் நெடுங்காலம் சினிமா படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். 2021-ல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வேறு சில மாநிலங்களும் ஆர்வம் காட்டின. வேன், மினி பஸ் சேஸிஸ் மீது கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் ஏற்றி வீடாக்குகிறார்கள். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பயணிகள் இறங்கினாலும் இந்தப் பாரம் இறங்குவதில்லை.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். மூன்றரை டன் வண்டி மசூரியிலிருந்து டேராடூன் வரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்றிலும் டயர் உராய்விலும் போகும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். டாப் கியரில் இறங்கினால் பெரும்பங்கு பிரேக்கின் தலையில் விழுகிறது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

காலுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை இரண்டு வகை. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால், லைனிங்கோ பேடோ சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாது. இந்த நிலையில் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்துக்கொண்டே, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுங்க வேண்டும்.

புது ஆயில் அவ்வளவு எளிதில் கொதிக்காது. டாட் 3 வகை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகை 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் இந்த வரம்பு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடும் வண்டியிலும் இந்த ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கிலோமீட்டர் குறைவு என்று விட்டுவிடாமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது.

வண்டியை ஓரம் கட்டிய பிறகு என்ன? சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் நிறுத்த வேண்டும். கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. தண்ணீர் ஊற்றவே கூடாது. டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடும். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும். ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். அதை நம்பி மீண்டும் வேகம் பிடிக்க வேண்டாம். ஆயிலில் சேர்ந்த ஈரம் எங்கும் போய்விடவில்லை.

ஆறும் நேரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் போதும். இடமும் வலமும் ஒரே மாதிரி சூடு என்றால் பாரமோ, ஓட்டிய முறையோ காரணம். ஒரு சக்கரம் மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. மழைக்காலம் முழுவதும் சும்மா நின்ற வண்டியில் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகுவதும், ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்பதும் சகஜம்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்ப்பார். சுற்றாவிட்டால் ப்ளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்துவார். உடனே சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கலாம். விடுபடாவிட்டால் காலிப்பரோ கேபிளோ இறுகியிருக்கிறது. நான்கு சக்கரமும் பிடித்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும், பெடலில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் செய்யாமல் பேடை மட்டும் மாற்றி அனுப்பினால், அடுத்த மலையில் அதே கதைதான்.

விளக்கு எரிந்தாலும் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். இறக்கத்திலும் வளைவிலும் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்கினால் ஆயில் மட்டம் விளிம்பில் நிற்கிறது. பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். தேய்மானம் அப்படியே இருக்கும். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம் போல வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி மட்டும் இருக்காது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்துவதே முறை.

கேரவனுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஃபிரிட்ஜுக்கும் விசிறிக்கும் இழுத்த கூடுதல் வயரிங்கால், எர்த் இணைப்பு தளர்ந்து பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரியலாம். அப்போது முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர்களும் பழைய வண்டி வாங்குபவர்களும் சாவியைத் திருப்பியதும் ஒரு நிமிடம் கவனிக்கட்டும். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும்; இன்ஜின் ஓடத் தொடங்கி, ஹேண்ட் பிரேக்கையும் எடுத்ததும் அணைய வேண்டும். பிரேக் விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ எடுத்திருக்கலாம். பிறகு தண்ணீர்த் தொட்டி நிறைந்த நிலையில் வண்டியை எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலைக்குப் போகும் முன் தொட்டியைப் பாதி காலி செய்வதற்கு ஒரு பைசா செலவில்லை.