எழுபதுக்கு எழுபது

தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவரைப் பார்த்திருப்பீர்கள். எழுபதுக்கு எழுபது வாங்கிய நாணயத்தைப் பார்த்ததுண்டா, தோழர்களே? மானசகங்கோத்திரி விடுதியில் நான் பார்த்தேன்; நண்பர் ஒருவரின் கைப்பேசிப் படத்தில்!

என்னிடம் கலைஞர் நூற்றாண்டு நினைவு நாணயம் ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டு 18 அன்று சென்னையில் வெளியிடப்பட்டதே, அந்த நூறு ரூபாய் நாணயம்தான். எடை 35 கிராம். பாதி வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு. அதில் ‘தமிழ் வெல்லும்’ என்று பொறித்திருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்காகவே பல மாதம் கைச்செலவைச் சுருக்கி வாங்கினேன்.

அதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கு என்கிறார் நண்பர். ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது இந்த அளவுகோல். ஒன்றில் தொடங்கி எழுபதில் முடியும். 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் தோன்றி, தரமிடுவதைப் பெருந்தொழிலாக்கின. ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியிலும் குறை தென்படாவிட்டால் எழுபது! பிறகு பிளாஸ்டிக் கூட்டில் இட்டு மூடிவிடுவார்கள்.

பழங்காசுக்கு இது வேண்டும், மறுக்கவில்லை. போலி மலிந்த சந்தையில் வாங்குபவனுக்கு ஒரு காவல் தேவைதான். ஆனால் நேற்று அக்கசாலையிலிருந்து வந்த நாணயத்துக்கு எதற்கு? பிறந்த குழந்தைக்கு நரையில்லை என்று சான்றிதழ் வாங்குவதா? அதை யாரும் தொடவில்லை என்பதற்குத்தானே அந்த மதிப்பெண்! வேதியியல் படிப்பவன் என்பதால் ஒன்று சொல்வேன்: காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் பட்டால் வெள்ளி கறுக்கும். கூடு அதைத் தாமதப்படுத்தலாம்; முற்றிலும் தடுத்துவிடாது.

கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் என் ஒரு மாத மெஸ் பணத்தைத் தாண்டுகிறது. அது சேலத்தில் தறியோட்டும் என் தந்தை அனுப்பும் பணம். “விற்கும்போது இரட்டிப்பாகும்” என்கிறார் நண்பர். விற்கவா வாங்கினேன்?

ஆனால் என் உண்மையான மனக்குறை வேறு. நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் புழக்கத்துக்கு வருவதில்லை. தனி விலைக்கு விற்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. வெல்லும் என்று சொன்ன தமிழ், பெட்டியை விட்டு வெளியே வரவில்லை! 2009-இல் பேரறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. அவருடைய தமிழ்க் கையொப்பத்தோடு அது கடைக்கும் பேருந்துக்கும் போயிற்று. நினைவு நாணயம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்? இனித் தமிழ்ச் சான்றோருக்கு நாணயம் கேட்பவர்கள், ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் சேர்த்துக் கேட்கட்டும். நம் மன்றமும் அப்படியொரு தீர்மானம் போடலாமே.

சென்ற ஞாயிறு தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கினேன். (யாருக்கு என்று கேட்காதீர்கள், விடுதியில் விழா.) பூக்கார அம்மா கொடுத்த சில்லறையில் அண்ணா இருந்தார்! முகம் தேய்ந்து, விளிம்பு கறுத்து; ஷெல்டன் கண்டிருந்தால் இருபதுகூடத் தந்திருக்க மாட்டார். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட அம்மா, செல்லாத காசோ என்று பதறித் திரும்ப வாங்கிப் புரட்டினார். பிறகு விரலால் கையொப்பத்தைத் தடவி, இது என்ன எழுத்து என்று கன்னடத்தில் கேட்டார்.

படித்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.