கஞ்சா லீகலானா சுருட்டு கம்பெனிக்கு என்ன?

போன மாசம் பிளேஸ்மென்ட் பயிற்சியில எங்க பேட்ச்சுக்கு வந்த ஜி.டி. தலைப்பு: 'கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா?' பாதி பேர் "அமெரிக்காவைப் பாருங்க"ன்னு கத்தினோம், மீதி பேர் "சமுதாயம் கெட்டுப்போகும்"னு கத்தினாங்க. புகையிலைங்கற வார்த்தையை மட்டும் ஒருத்தர்கூட சொல்லல. திண்டிவனத்துல ரயில் ஏறி விழுப்புரம் திரும்புறப்பதான் எனக்கே அது உறைச்சுது. அங்க விட்டதை இங்க சொல்றேன்.

சுருட்டுன்னா எனக்குத் திண்ணையில உட்கார்ந்திருந்த தாத்தாதான் ஞாபகம் வருவார். உறையூர்ல சுத்தின திருச்சி சுருட்டு ஒரு காலத்துல லண்டன் வரைக்கும் போச்சு. இன்னைக்கு நம்ம வயசுல அதைத் தொடுற ஆளைத் தேடணும். ஆனா அமெரிக்காவுல சின்ன சுருட்டை நம்ம வயசுப் பசங்கதான் வாங்குறாங்க. சிகரிலோன்னு பேரு. திராட்சை வாசனைகூட உண்டு. அந்த நாட்டுச் சட்டப்படி சிகரெட் பாக்கெட்ல 20-க்குக் குறையக் கூடாது, 2009-லேர்ந்து பழ வாசனையும் சேர்க்கக் கூடாது. நாடு முழுக்கப் பொருந்துற இந்த ரெண்டு விதியும் சுருட்டுக்குக் கிடையாது. அதனால ரெண்டு ரெண்டா பாக்கெட் போட்டு பெட்ரோல் பங்க் கடையில விக்கிறாங்க.

வாங்குறவங்கள்ல நிறைய பேர் அதைச் சுருட்டா பிடிக்கிறதில்ல. உள்ள இருக்கிற புகையிலையைக் கொட்டிட்டு கஞ்சாவை நிரப்பிக்கிறாங்க. அதுக்கு பிளன்ட்னு பேரு. கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதுன்னு நீங்க நம்பினா உங்க வெள்ளை மனசுக்கு ஒரு கும்பிடு.

கொலராடோவுல 2012-ல ஓட்டுப் போட்டு, 2014 ஜனவரி 1-ல கஞ்சா கடையைத் திறந்தாங்க. இனி சுருட்டு சந்தை என்ன ஆகும்னு யோசிங்க. பிடிக்கிறவங்க கூடினா சுத்துறதுக்குச் சுருட்டும் கூட விக்கணும். அதே நேரம், லீகல் கடையில ரெடியா சுத்தினதும் கிடைக்குது, மிட்டாயாவும் கிடைக்குது. அப்போ சுருட்டு குறையணும். ரெண்டு பக்கமும் இழுக்கும். கலிபோர்னியாவுல கஞ்சா கடைக்குள்ள புகையிலை விக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. நல்ல விதிதான். ஆனா வெளிய வந்தா பக்கத்துலயே பங்க் கடை! உள்ள இருக்கிறதைக் கொட்டினாலும் மேல சுத்தியிருக்கிறது புகையிலை சரக்குதான். நிகோடின் அதுலயும் இருக்கு.

"அது அமெரிக்கா, நமக்கென்ன"ங்கறீங்களா? என் ரூம்மேட் கதையைக் கேளுங்க. ஃபர்ஸ்ட் இயர்ல அவனுக்கு டீயைத் தவிர வேற பழக்கம் இல்ல. செகண்ட் இயர்ல சீனியர்ஸோட சேர்ந்து ஆரம்பிச்சான். நம்ம ஊர்ல அந்த இடத்துல சுருட்டு இல்ல, சிகரெட் தூளைத்தான் கலக்குறாங்க. "நான் சிகரெட் பிடிக்கிற ஆளே இல்லடா"ன்னு சொல்லிட்டே தினமும் புகையிலையை இழுத்தான். தர்ட் இயர்ல போலீஸ் பயம், வேலை பயம் எல்லாம் சேர்ந்து கஞ்சாவை நிறுத்திட்டான். நாங்க ட்ரீட்லாம் வெச்சோம். ஆனா சிகரெட் நிக்கல. இப்போ ஒரு நாளைக்கு ஏழு.

கல்லூரியிலேர்ந்து 100 கஜத்துக்குள்ள, அதாவது சுமார் 91 மீட்டருக்குள்ள புகையிலை விக்கக் கூடாதுன்னு 2003 சட்டம் சொல்லுது. அவன் வாங்குற கடைக்கு எங்க கேட்லேர்ந்து நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். அறுபத்தி நாலு எட்டு.

ஜி.டி.யில "நம்ம நாட்டுல முழுசா தடை"ன்னு ஒருத்தன் சொன்னான். அதுவும் தப்பு. 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சாங்கறது செடியோட பூக்கிற, காய்க்கிற நுனி மட்டும்தான். தனியா இருக்கிற இலை அதுல வராது. அதனாலதான் உத்தரப்பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசு உரிமத்தோட பாங்கு கடை நடக்குது. பாங்கு நல்லதுன்னு நான் சொல்ல வரல. அதைக் குடிக்கிறவனுக்கோ திங்கிறவனுக்கோ சிகரெட் தேவைப்படுறதில்ல, அவ்வளவுதான். அப்போ லீகலா இல்லையாங்கறது பாதி கேள்விதான். எந்த வடிவத்துல உடம்புக்குள்ள போகுதுங்கறதுதான் புகையிலைக்காரன் வருமானத்தை முடிவு பண்ணுது.

பயன்படுத்தின பையனை ஜெயில்ல போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இப்போதைய சட்டத்துல கஞ்சா பிடிச்சதுக்கு 6 மாசம் வரை சிறை, இல்ல 10,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. அதே சட்டத்தோட 64ஏ பிரிவுல, அடிமையானவர் தானா சிகிச்சைக்கு வந்தா அந்த வழக்கிலேர்ந்து விலக்கு கிடைக்க வழி இருக்கு. இதை எந்த விழிப்புணர்வு கூட்டத்துலயும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. ஆனா நாளைக்கு இங்கயும் லீகல் பண்ணணும்னு கொடி பிடிக்கிறவங்ககிட்ட நான் முதல்ல கேக்கப்போறது இதான்: புகையிலையை அதுலேர்ந்து எப்படிப் பிரிக்கப்போறீங்க? பதில் இல்லாம சட்டத்தை மாத்தினா பெட்டிக்கடையில சிகரெட் இன்னும் ரெண்டு பாக்கெட் சேர்த்துப் போகும். மாத்தாம விட்டாலும் இப்போ போறது போயிட்டுத்தான் இருக்கும்.

புகையிலையை விட உதவுற இலவச எண் ஒண்ணு இருக்கு: 1800-11-2356. போன வாரம் ரூம்மேட் போன்ல நானே சேவ் பண்ணிக் குடுத்தேன். "எக்ஸாம் முடியட்டும் மச்சான்"னான். இன்னும் கூப்பிடல.