இழையை எண்ணிச் சொல்வோம்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலிருந்து இறங்கி, ராஜபாளையம் கடந்து கிழக்கே போனால் சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். அந்தத் துணிக்கு விலை பேச வேண்டுமானால், அங்குலத்துக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை என்று சொல்லியாக வேண்டும். ‘நல்ல துணி’ என்றால் பேரம் நகராது. காயத்தின் மேல் கிடக்கும் துணிக்கே இவ்வளவு கணக்கு என்றால், குருத்தணுவைச் சுற்றி நின்று அதன் போக்கையே திருப்பக்கூடிய ஹைட்ரஜெல் சாரத்துக்கு நாம் என்ன கணக்குக் கொடுக்கிறோம்?

நம் இதழின் மேசைக்கு வரும் கட்டுரைகள் பலவற்றில் கூழின் பெயர் இருக்கிறது, நுண்ணோக்கிப் படம் இருக்கிறது, செல்கள் பிழைத்தன என்ற முடிவும் இருக்கிறது. ஆனால் கருக் குருத்தணு பிழைத்திருப்பது வேறு, குருத்தணுவாகவே நிலைத்திருப்பது வேறு. 2006-இல் எங்லர், டிஷர் குழுவினர் இடைத்திசுக் குருத்தணுக்களில் காட்டியது நினைவிருக்கும்: மூளையைப் போல மெத்தென்ற, 1 கிலோபாஸ்கலுக்கு உட்பட்ட தளத்தில் அவை நரம்பணுச் சாயல் பெற்றன, 25 முதல் 40 கிலோபாஸ்கல் விறைப்பில் எலும்பின் பக்கம் சாய்ந்தன. விறைப்பைக் குறிப்பிடாத கட்டுரை, பாதி சோதனையை மறைத்த கட்டுரை.

குருத்தணு வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படும் மாட்ரிஜெல் கூழ், எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. தொகுதிக்குத் தொகுதி மாறுவது. அதற்கு மாற்றாகச் செயற்கைப் பாலிமரைத் தேடிய வேலையில் சென்னைக்கும் பங்குண்டு. நிச்சி-இன் மறுஉருவாக்க மருத்துவ மையமும் சங்கர நேத்ராலயாவும் ஜப்பானின் யுயிச்சி மோரியுடன் சேர்ந்து, மெபியால் கூழில் கருவிழி விளிம்புக் குருத்தணுக்களை வளர்த்தன. முயல்களில் அவற்றைப் பொருத்திப் பார்த்த முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. இந்தக் கூழ் சூட்டில் இறுகும், குளிரில் இளகும். ஆகவே செல்களை வெளியே எடுக்க டிரிப்சின் வேண்டாம். குளிர வைத்தால் போதும். 2013-இல் பெர்க்லியில் லெய்யும் ஷாஃபரும் இதே வகைக் கூழுக்குள் மனிதப் பல்திறன் குருத்தணுக்களை 280 நாள் தொடர்ந்து பெருக்கினர். 5 நாளுக்கு ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கம்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கிடுகிறது. செய்முறையில் ‘அறை வெப்பநிலையில் கலக்கவும்’ என்று எழுதிவிடுகிறோம். குளிரூட்டிய ஆய்வகத்தில் அது 20 டிகிரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்திரை மதியம் மின்சாரம் நின்றால் அதே அறை 35-ஐத் தொடும்; கூழ் பிப்பெட் முனையிலேயே இறுகிவிடும். பாலிமரில் பிழை இல்லை. எழுதிய சொல்லில்தான் பிழை.

எனவே அடுத்த இதழ் முதல் ஒவ்வொரு சாரக் கட்டுரையும் ஓர் அட்டவணையோடு வர வேண்டும். பாலிமரின் மூலக்கூற்று எடை, குறுக்கிணைப்பின் அளவு, எஞ்சிய மோனோமர், எண்டோடாக்சின், கிருமிநீக்க முறை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். விறைப்பை உலர்ந்த நிலையில் அளந்தால் போதாது. வளர்ப்பு ஊடகத்தில் ஊறி உப்பிய பிறகு, 37 டிகிரியில் அளக்க வேண்டும். கலக்கிய வெப்பநிலை எண்ணாக வேண்டும். செல்களின் பக்கம், பத்து மறுவளர்ப்புக்குப் பின் பல்திறன் குறிகளான ஆக்ட்-4, நானாக் ஆகியவற்றின் நிலை, குரோமோசோம் அமைப்பு, மூன்று கருப்படலங்களாகவும் பிரியும் திறன் வேண்டும். மனிதக் கருக் குருத்தணு என்றால், 2017 தேசிய வழிகாட்டுதல்படி நிறுவனக் குழுவின் ஒப்புதல் எண்ணும் வேண்டும்.

செல்கள் செத்துப்போன கூழ்களையும் அனுப்புங்கள். அட்டவணை நிரம்பியிருந்தால், அவற்றையும் அச்சிடுவோம்.