கார்த்திகைக் கூட்டத்துக்கு ஆடியிலேயே ஆயத்தம்

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர்கள், அன்றிலிருந்து தை மாதத் தொடக்கத்தில் மகரவிளக்கு முடியும் வரை சபரிமலைக்குப் போய் வந்தவண்ணம் இருக்கிறார்கள். கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து வருவோரில் பெரும் பகுதியினருக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம் என்று செல்லும் தேசிய நெடுஞ்சாலையே வழி. மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கும் இந்த இரண்டு மாதங்கள்தான் சாலையோர ஓட்டல்களுக்கு அறுவடைக் காலம். புரட்டாசியிலேயே கூரையைச் செப்பனிட்டு, வெள்ளை அடித்து, கூடுதல் ஆள் அமர்த்தி, ஓட்டல்காரர்கள் தயாராகிவிடுகிறார்கள்.

அதே இரண்டு மாதங்கள்தான் தருமபுரி மாவட்டத்துச் சிறு விவசாயியின் அறுவடைக் காலமும். ஆடி, ஆவணியில் விதைத்த கேழ்வரகு கதிர் முற்றி நிற்கும். சாமை களத்துக்கு வந்து முடிந்திருக்கும். பந்தலில் அவரை காய்த்துத் தொங்கும். மொச்சையும் கொள்ளும் துவரையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கும். சாலையின் இந்தப் பக்கம் விற்க வழி தேடும் விளைச்சல். அந்தப் பக்கம் பசியோடு வந்து இறங்கும் கூட்டம். ஆயினும் பல ஓட்டல்களின் அடுக்களைக்குள் போய்ப் பார்த்தால் அரிசியும் மைதாவும் மூட்டை மூட்டையாக வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருக்கின்றன. உள்ளூர்க் கேழ்வரகு வியாபாரியின் லாரியில் ஏறி வெளியூர் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலை மாற வேண்டும். மாற்றுவது கடினமும் அல்ல.

ஒகேனக்கல் காட்டும் வழி

இதற்கு முன்மாதிரி தேடி வெகு தொலைவு போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்து ஒகேனக்கல்லைப் பார்த்தால் போதும். காவிரியில் வெள்ளம் வடிந்து பரிசல் ஓடத் தொடங்கியதும் அங்கே கூட்டம் சேருகிறது. ஆற்றிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பிடித்த மீனை வாங்கி, அங்கேயே சமையல் செய்து தரும் பெண்களிடம் கொடுத்து, குழம்பும் வறுவலுமாக உண்டுவிட்டுப் போவது பயணிகளின் வழக்கம். பிடிப்பவர், விற்பவர், சமைப்பவர் எல்லாரும் அந்த ஊரைச் சுற்றி உள்ளவர்களே. வந்த பணத்தில் பெரும் பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. பயணிகளும் வேறெங்கும் கிடைக்காததை உண்ட திருப்தியோடு போகிறார்கள்.

மீனுக்கு முடிந்தது கேழ்வரகுக்கு ஏன் முடியாது? கோலார், தும்கூர், மாண்டியா பக்கத்துக்காரர்கள் ராகி முத்தை உண்டு வளர்ந்தவர்கள். அவர்கள் முத்தை என்பதை இங்கே களி என்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. மாலை போட்டவர்கள் புலால் தொடமாட்டார்கள். சூடான களி உருண்டை, கொள்ளுச் சாறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி என்று வைத்தால் விரதத்துக்கும் பொருந்தும், குளிருக்கும் பொருந்தும். விடியற்காலை மூன்று மணிக்குப் பனியில் நடுங்கி இறங்குபவருக்குச் சூடான கேழ்வரகுக் கஞ்சியைவிட இதமானது எது? நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதையும், அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் பலகையில் எழுதி வைத்தால் நகரத்தாரும் கேட்டு வாங்குவர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

வெறும் ஆசையில் காரியம் நடக்காது, கணக்கு வேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கேழ்வரகு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். நூறு கிராம் மாவுக்கு ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டால், அரைவைக் கூலி நீங்கலாக, உருண்டைக்குத் தானியச் செலவு ஐந்து ரூபாய்க்குள் அடங்கும். இந்த விலையை விவசாயிக்குக் கொடுத்தாலும் ஓட்டல்காரருக்கு நட்டம் வராது.

நாளொன்றுக்கு நூறு உருண்டை விற்கும் ஓட்டலுக்குப் பத்துக் கிலோ மாவு வேண்டும். அறுபது நாளைக்கு அறுநூறு கிலோ, அதாவது ஆறு குவிண்டால். மானாவாரியில் சுமாராக விளையும் ஓர் ஏக்கர் கேழ்வரகு இதற்குச் சரியாக இருக்கும். ஓர் ஓட்டலுக்கு ஓர் ஏக்கர்! இது பெரிய வியாபாரம் இல்லையே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். உண்மைதான், தானியமாக விற்பதில் மட்டும் பெரும் பணம் இல்லை. ஆனால் அந்த ஒரு களித் தட்டோடு அவரை, மொச்சை, கொள்ளு, கடலை, கீரை, தக்காளி, புளி, வாழை இலை எல்லாம் சேர்ந்து போகின்றன. தானியத்தைக் கல் நீக்கி, அரைத்து, மாவாகக் கொடுத்தால் அந்தக் கூலியும் ஊரிலேயே நிற்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது ஏற்ற தொழில்.

வாழை இலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டத்தை மதிக்கும் ஓட்டலுக்கு இலை தினமும் வேண்டும். கிணற்றடியில் பத்து வாழை நிற்கும் விவசாயிகள் நாலு பேர் சேர்ந்தால் ஓர் ஓட்டலுக்கு முறை வைத்து இலை கொடுக்கலாம்.

இரு தரப்பிலும் குறை உண்டு

இந்த ஏற்பாடு ஏன் இன்னும் பரவவில்லை? ஓட்டல்காரரைக் கேட்டால், "விவசாயி இன்று கொண்டுவருவார், நாளை வரமாட்டார், சரக்கில் கல்லும் மண்ணும் இருக்கும், மண்டிக்காரர் என்றால் போன் செய்தால் போதும்" என்பார். விவசாயியைக் கேட்டால், "ஓட்டலுக்குக் கொடுத்தால் பணத்துக்குப் பத்து நடை நடக்க வேண்டும்" என்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இருவரும் ஒரு படி இறங்கி வர வேண்டும்.

விவசாயிகள் தனித்தனியே போகாமல் ஐந்தாறு பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் சரக்கு குறைந்தால் மற்றவர் ஈடு செய்யலாம். தானியத்தை நன்றாக உலர்த்தி, தூற்றி, சலித்து, ஒரே தரமாகக் கொடுக்க வேண்டும். கொள்முதல் நிலையமே ஈரப்பதம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்பதில்லை. ஓட்டலுக்கும் அதே தரத்தை வைத்துக்கொள்வது நலம். ஈர தானியத்தை அரைத்தால் மாவு சிக்குப் பிடித்துவிடும்.

ஓட்டல்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பணம் கொடுக்க வேண்டும். பருவம் முடியட்டும், பார்க்கலாம் என்பது சிறு விவசாயியின் அடுப்பை அணைக்கும் பேச்சு. விலையையும் முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசிய விலை நிற்க வேண்டும். விலை ஏறும்போது விவசாயி மண்டிக்கு ஓடுவதும், இறங்கும்போது ஓட்டல்காரர் கைவிரிப்பதும் இருந்தால் எந்த ஒப்பந்தமும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

எப்போது தொடங்குவது?

ஓட்டலுக்கு வெள்ளை அடிப்பதைப் புரட்டாசியில் செய்யலாம். ஆனால் அடுக்களைக்கு வேண்டியதை ஆடியிலேயே பேசி முடிக்க வேண்டும். தக்காளிக்கு நாற்றங்கால் இருபத்தைந்து நாள், நட்ட பின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல். கார்த்திகையில் பழம் வேண்டுமானால் ஆடியின் கடைசியிலேயே விதை தூவ வேண்டும். அதையும் ஒரே நாளில் நடாமல், பதினைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக நட்டால் தை வரை பறிப்பு தொடரும். ஒரே வாரத்தில் குவிந்து தெருவில் கொட்டும் நிலையும் வராது. பந்தல் அவரைக்கும் ஆடிப் பட்டமே பட்டம். கீரைக்கு மட்டும் அவசரம் இல்லை. இருபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும்.

கேழ்வரகில் ஒரு வசதி உண்டு. நன்றாகக் காய்ந்த தானியத்தைப் பூச்சி எளிதில் அண்டாது. குதிரில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். புதுக் கதிர் களத்துக்கு வருமுன்பே கூட்டம் தொடங்கிவிடும் என்பதால், போன ஆண்டுத் தானியத்தில் சில மூட்டைகளை விற்காமல் நிறுத்தி வைப்பவருக்கே கார்த்திகையின் முதல் வியாபாரம். மாவை மட்டும் வாரத்துக்கு வாரம் அரைத்துக்கொள்ள வேண்டும். மாவு தானியத்தைப்போல நிற்காது.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

நல்ல சரக்கு மட்டும் போதாது. தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஜப்பான் உதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. சமையலுக்கும் குடிப்பதற்கும் அந்தக் காவிரி நீரையே பயன்படுத்துவது ஓட்டல்காரரின் கடமை. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் தவறு. எண்ணெயில் கெட்ட பொருள்கள் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அசைவமும் சமைக்கும் ஓட்டல்கள் இந்த இரண்டு மாதங்களுக்குப் பக்தர்களுக்கென்று தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் வைத்தால் நம்பிக்கை வளரும். பனிக்காலத்தில் இட்லி மாவு மெதுவாகவே புளிக்கும். மாலையில் ஆட்டுவதை மதியத்துக்கு மாற்றி, அடுப்பின் அனல் படும் இடத்தில் வைக்க வேண்டும். தொப்பூர்ச் சரிவில் இறங்கப்போகும் ஓட்டுநர் அரை மணி நேரம் கண்ணயர ஓர் இடமும், முகம் கழுவ வெந்நீரும் கொடுக்கும் ஓட்டலை அடுத்த ஆண்டும் அவர் தேடி வருவார்.

அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. கொள்முதல் நிலையம் திறக்கிறது. 2023-இல் இந்த மாவட்டத்து ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கவும் ஏற்பாடு செய்தது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் வாசலில் வந்து நிற்கும் வாங்குவோரைக் கவனிக்காமல் கோட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் அல்ல. வரும் ஆடியில் ஏர் பூட்டுமுன், ஒவ்வொரு ஊரிலும் நாலு விவசாயிகள் சேர்ந்து பக்கத்துச் சாலை ஓட்டலுக்குப் போய், "கார்த்திகைக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு விதைப்பவருக்கு, விளைந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு விலை தேடி அலையும் துன்பம் பாதியாவது குறையும்.